பெஞ்சில் இருப்பவரின் கிலோமீட்டர் கணக்கு

கத்தாரில் நடந்த 2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் ஆங்ஹெல் டி மரியா இடது ஓரத்தில் பிரான்ஸைப் பாடாய்ப் படுத்தினார். பெனால்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார், 36-வது நிமிடத்தில் தானே கோல் அடித்தார், 64-வது நிமிடத்தில் வெளியே வந்தார். அதற்கு முந்தைய 18 நாள்களைப் பாருங்கள். நவம்பர் 30-ஆம் தேதி போலந்துக்கு எதிராக ஆடியவர், தொடைத் தொந்தரவால் டிசம்பர் 3-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கவில்லை. 9-ஆம் தேதி நெதர்லாந்துடனான ஆட்டத்தில் 112-வது நிமிடத்தில்தான் உள்ளே வந்தார். 13-ஆம் தேதி அரையிறுதியில் ஒரு நிமிடம்கூட இல்லை. 18-ஆம் தேதி நேராக முதல் பதினொருவரில் ஒருவர்.

தொலைக்காட்சித் திரையில் 'இவர் 11.8 கிலோமீட்டர் ஓடினார்' என்று ஓடும் பட்டையைப் பார்த்துத்தான் விளையாட்டு அறிவியல் என்றால் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணால் அணிக்குப் பெரிய பயன் இல்லை. தொடர்ந்து ஆடுகிறவருக்கு ஆட்டமே பயிற்சி. அவருக்கு வேண்டியது தூக்கமும் சோறும். அணியின் ஃபிட்னஸ் ஆள்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஆடாதவர்களின் பட்டியலை. 26 பேர் கொண்ட குழுவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எப்போதும் அந்தப் பட்டியலில்தான் இருப்பார்கள்.

காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. லீக் பருவத்தில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் நடுவில் இரண்டு நாள் கடும் பயிற்சி இருக்கும். பெஞ்சில் இருந்தவரும் அதில் ஓடித் தீர்த்துவிடுவார். பெரிய போட்டித் தொடரில் அந்த நடு நாள்களே கிடையாது. கத்தாரில் அர்ஜென்டினா ஆடிய தேதிகள்: நவம்பர் 22, 26, 30, டிசம்பர் 3, 9, 13, 18. ஆட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து மறுநாளை பிளஸ் 1 என்றும், முந்தைய நாளை மைனஸ் 1 என்றும் சொல்வது வழக்கம். பிளஸ் 1 அன்று ஆடியவர்களுக்கு ஓய்வு, நீச்சல் குளம், சைக்கிள். அடுத்த நாள் லேசான பந்து வேலை. மைனஸ் 1 அன்று தந்திரப் பயிற்சி, ஃப்ரீ கிக், கார்னர். பிறகு ஆட்டம். முழுக்க ஆடியவருக்கு இது சரியான அட்டவணை. ஆடாதவர் அதே பேருந்தில் ஏறி, அதே பயிற்சியைச் செய்து, அதே ஓய்வை எடுத்தால், இரண்டு வாரத்தில் ஒருமுறைகூட மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க மாட்டார். காலிறுதியில் 70-வது நிமிடத்தில் அவரை இறக்கி, டிஃபெண்டருக்குப் பின்னால் நீளப் பந்து போட்டு ஓடச் சொன்னால் பின்தொடைத் தசை என்ன செய்யும்?

கருவியிலிருந்து தொடங்குவோம். சட்டைக்குள்ளே போடும் இறுக்கமான வெஸ்ட், அதில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு சிறு பை, பைக்குள் தீப்பெட்டி அளவில் ஜிபிஎஸ் கருவி. பெரும்பாலானவை வினாடிக்கு 10 முறை இடத்தையும் வேகத்தையும் பதியும். உள்ளே இருக்கும் முடுக்கமானி, அதாவது வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும் சென்சார், 100 முறை பதியும். ஆட்டத்திலேயே இதை அணிந்துகொள்ள 2015-இல் அனுமதி கிடைத்தது. 2018 உலகக் கோப்பையிலிருந்து பெஞ்சில் டேப்லெட்டில் தரவு பார்க்கவும் முடிகிறது.

கருவி தருகிற எண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். தினமும் பார்க்க வேண்டியவை நாலைந்துதான்: மொத்தத் தூரம், மணிக்கு சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூரம், 25-க்கு மேல் ஓடிய ஸ்பிரிண்ட் தூரம், அன்றைய உச்ச வேகம் அவருடைய வாழ்நாள் உச்சத்தில் எத்தனை சதவீதம், வினாடிக்கு வினாடி 3 மீட்டருக்கு மேற்பட்ட முடுக்கமும் பிரேக்கும் எத்தனை முறை. நான்காவதுதான் என் கணக்கில் முதலாவது. 25 என்ற கோடு எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. உச்சம் 36 உள்ள விங்கருக்கு (ஓரத்தில் ஓடித் தாக்குபவர்) 25.2 என்பது 70 சதவீதம், பாதித் தூக்கத்தில் ஓடுவார். உச்சம் 31 உள்ள சென்டர் பேக்குக்கு (நடுவில் நின்று தடுப்பவர்) அதே வேகம் 81 சதவீதம். இருவரும் '150 மீட்டர் ஸ்பிரிண்ட்' என்று ஒரே வரியில் வந்தால் அந்த வரி பொய் சொல்கிறது.

எங்கே கெட்டுப்போகும் என்றால், பெரும்பாலும் மிகச் சாதாரணமான இடங்களில். கருவியைப் பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பே திறந்த வெளியில், ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்க வைத்து ஆன் செய்ய வேண்டும். உடைமாற்றும் அறையில் ஆன் செய்து மாட்டிவிட்டால் முதல் சில நிமிடங்கள் குப்பை. வெஸ்ட் ஒரு அளவு பெரிதாக இருந்தால் கருவி முதுகில் ஆடி, முடுக்க எண்ணிக்கையை ஏற்றிவிடும். ஒருவருக்கு ஒரு கருவி, தொடர் முடியும்வரை அதேதான். இரண்டு கருவிகளை ஒரே ஆளின் முதுகில் வைத்தாலும் ஸ்பிரிண்ட் எண் ஒத்துப்போகாது. எண் ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்து, 7-ஆம் எண்ணும் 17-ஆம் எண்ணும் மாறிப்போன ஒரு காலை, வாரம் முழுக்கக் குழப்பும். இடைவேளையை வெட்ட மறந்தால் 15 நிமிட உட்காரலும் ஆட்டத்தில் சேர்ந்து, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு படுத்துவிடும். மாற்று ஆட்டக்காரருக்கோ அவர் உள்ளே போன நொடியில் வெட்ட வேண்டும். ஓரத்தில் குதித்து வார்ம்-அப் செய்த 25 நிமிடம் தனி வரி.

இவற்றுள் மோசமானது போலி உச்சம். செயற்கைக்கோள் சிக்னல் ஒரு நொடி தடுமாறினால் மணிக்கு 41 கிலோமீட்டர் என்று ஒரு முள் எழும். மனிதர்கள் கால்பந்து மைதானத்தில் அப்படி ஓடுவதில்லை. 41 என்றால் கண்ணில் படும், அழித்துவிடலாம். 35.1 என்று எழுந்தால்? உண்மையில் 33.4 தான் உச்சம் உள்ள ஆளின் பெயரில் அது புதிய உச்சமாகப் பதிவாகும். அன்றிலிருந்து அவர் 32 ஓடினாலும் மென்பொருள் 91 சதவீதம் என்று காட்டும். நிஜத்தில் அது 96. 'இன்னும் வேகம் போதவில்லை' என்று இன்னொரு ஸ்பிரிண்ட் கொடுப்பீர்கள். அதனால் புதிய உச்சம் எது வந்தாலும் வேக வரைபடத்தைத் திறந்து, ஏற்றம் இரண்டு மூன்று வினாடியில் படிப்படியாக வந்ததா, ஒரே குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூரை இருக்கும் அரங்கில் இந்தத் தொல்லை பத்து மடங்கு. 2026 உலகக் கோப்பைக்கான அரங்குகளில் அட்லாண்டா, ஹூஸ்டன், டல்லஸ் பக்கத்து ஆர்லிங்டன் ஆகியவை கூரையை மூடக்கூடியவை. மூடிய கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் என்பது முதுகில் கட்டிய கல். முடுக்கமானி மட்டும் வேலை செய்யும். மைதானத்தைச் சுற்றி ரேடியோ நிலையங்களை நட்டு அளக்கும் முறை உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் போகும் தேசிய அணி அதை எல்லா இடத்துக்கும் தூக்கிப் போக முடியாது.

அங்கே கைகொடுப்பது கேமரா. கத்தாரில் ஒவ்வொரு அரங்கின் கூரைக்கடியிலும் 12 கேமராக்கள் இருந்தன. ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை பிடித்தன. ஆஃப்சைடு பார்ப்பதற்காக வைத்தவை அவை. பந்துக்குள் இருந்த சென்சார் வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. வீரர்கள் தம் ஓட்டக் கணக்கைத் தாமே கைபேசியில் பார்த்துக்கொள்ள ஃபிஃபா ஒரு செயலியும் கொடுத்தது. கேமராவுக்கு வெஸ்ட் வேண்டாம், கூரை தடையில்லை. ஆனால் பயிற்சி மைதானத்தில் அந்தக் கேமராக்கள் இல்லை. ஆக, ஆட்டம் ஓர் அளவுகோலில், பயிற்சி இன்னோர் அளவுகோலில். மொத்தத் தூரம் ஓரளவு ஒத்துப்போகும். வேக ஓட்டமும் முடுக்கமும் ஒத்துப்போகாது. ஸ்பிரிண்ட் என்று எண்ண அரை வினாடி போதுமா, ஒரு வினாடி நீடிக்க வேண்டுமா என்ற ஒரே அமைப்பு மாறினால்கூட எண்ணிக்கை மாறிவிடும். செய்ய வேண்டியது: இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டாதீர்கள். திறந்த கூரை அரங்கில் வெஸ்ட்டும் கேமராவும் சேர்ந்து ஓடிய ஆட்டங்களை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தைவிடச் சிறிய மாற்றத்தை வைத்து யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய தலைவலி கிளப்பிலிருந்து வரும் கோப்பு. 26 பேர் என்றால் பதினைந்து இருபது கிளப்புகள். ஒருவர் ஒரு கம்பெனிக் கருவி, அடுத்தவர் இன்னொன்று. ஒரு கிளப்புக்கு ஸ்பிரிண்ட் 24-இல் தொடங்கும், இன்னொன்றுக்கு 25.2-இல். சில கிளப்புகள் பிடிஎஃப் அனுப்பும், அதில் வண்ண வண்ணப் படங்கள் இருக்கும், எண் இருக்காது. கத்தாரில் இது இன்னும் நெருக்கடி: ஐரோப்பிய லீக்குகள் நவம்பர் 13 வரை ஓடின, 20-ஆம் தேதி உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. வழக்கமாகக் கோடையில் கிடைக்கும் மூன்று வார முகாம் இல்லை. கேட்க வேண்டியவற்றைக் குறைத்துக் கேட்டால்தான் பதில் வரும்: கடைசி நான்கு வாரத்தில் நாள்வாரியாக எத்தனை நிமிடம் ஆடினார், பயிற்சி எடுத்தார், உச்ச வேகம் எவ்வளவு, எந்தத் தேதியில், கடைசியாக 90 சதவீதத்தைத் தாண்டியது எப்போது, எந்தத் தசையில் இப்போது என்ன புகார், வேகக் கோடுகளை எங்கே வைத்திருக்கிறார்கள். இந்த ஐந்தும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அடங்கும். கிளப் ஃபிசியோவிடம் பத்து நிமிடம் போனில் பேசுவது நூறு பக்கக் கோப்பைவிட மேல்.

பிரான்ஸின் கரீம் பென்சிமாவை நினைத்துக்கொள்ளுங்கள். தொடருக்கு முந்தைய வாரங்களில் கிளப்புக்கு மிகக் குறைவாகவே ஆடியிருந்தார். தோஹாவில் முழுப் பயிற்சிக்கு வந்ததும் இடது முன்தொடைத் தசையில் அடிபட்டு, முதல் ஆட்டத்துக்கு முன்பே தொடரை விட்டே போனார். ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பாலன் தோர்) வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று தசைக்குத் தெரியாது. கடைசி நான்கு வாரம் என்ன செய்தோம் என்பது மட்டும் தெரியும்.

அந்த நான்கு வாரத்தை வைத்து ஒரு விகிதம் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது: கடைசி 7 நாளின் ஆட்ட, பயிற்சிப் பளுவை, கடைசி 28 நாளின் வாரச் சராசரியால் வகுப்பது. 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு, 1.5 தாண்டினால் ஆபத்து என்பார்கள். இதன் கணிதத்தையே ஆராய்ச்சியாளர்கள் கிழித்துத் தொங்கவிட்டாயிற்று. வகுத்தலில் மேலே இருக்கும் வாரம் கீழேயும் ஒளிந்திருப்பது முதல் குறை. தேசிய அணிக்கு இன்னொரு குறையும் உண்டு: கீழே இருக்கும் மூன்று வாரம் வேறொருவர், வேறு கருவியால் அளந்தது. இந்த விகிதத்தைச் சுவரில் ஒட்டி, சிவப்பு, பச்சை போட்டு முடிவெடுக்கிற அணிகளை நான் நம்ப மாட்டேன். ஒரே ஒரு விஷயத்துக்கு அது உதவும். விகிதம் 0.5-க்குக் கீழே இறங்கிய பெயர்கள் யாவை என்று பார்க்கலாம். அவர்கள்தான் பெஞ்சுக்காரர்கள்.

சரி, அவர்களை என்ன செய்வது? ஆட்டம் முடிந்த உடனே, பார்வையாளர்கள் கலைந்துகொண்டிருக்கும்போதே, ஆடாதவர்களையும் 20 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவர்களையும் மைதானத்தில் ஓட வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டனை இல்லை அது. கால் மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு மாதிரி: மூன்று நிமிடம் கால்களைச் சூடாக்குவது. பிறகு 65 மீட்டரை 11 வினாடியில் கடக்கும் ஓட்டம் எட்டு முறை, நடுவில் 25 வினாடி இடைவெளி. இதில் 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் 400 மீட்டர் பக்கத்தில் கிடைக்கும். அதன்பின் 20 மீட்டர் வேகம் பிடித்து அடுத்த 20 மீட்டர் முழு வேகத்தில் பறப்பது மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிடம் நடை. மூன்றில் ஒன்றாவது அவருடைய உச்சத்தில் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அன்றைக்கு ஓடினார் என்று எழுதலாம், வேகம் பெற்றார் என்று எழுதக் கூடாது.

இடையூறுகள் வரிசையாக வரும். கத்தாரில் குழு ஆட்டங்களில் சில இரவு 10 மணிக்குத் தொடங்கின, முடியும்போது நள்ளிரவு. மைதானப் பராமரிப்பாளர்கள் புல்லைக் காப்பாற்ற நிற்பார்கள், பேருந்து காத்திருக்கும், பெஞ்சில் இருந்தவருக்கோ 'நம்மை இறக்கவே இல்லை' என்ற கடுப்பு. அப்படிப்பட்ட இரவில் எட்டு ஓட்டத்தை விட்டுவிட்டு, மறுநாள் காலை பயிற்சி மைதானத்தில் வைப்பதே நல்லது. ஆனால் மறுநாள் என்றால் அதே நாள்தான். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளினால் மைனஸ் 1 வந்து நின்றுவிடும்.

மறுநாள் காலையில் நடக்கும் பெரிய தவறு இன்னொன்று. பெஞ்சில் இருந்த பத்துப் பேரை 30-க்கு 25 மீட்டர் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து ஆட விடுவார்கள். எல்லோரும் வியர்த்துக் கொட்டுவார்கள், இதயத் துடிப்பு 180-ஐத் தொடும், பயிற்சியாளருக்குத் திருப்தி. தரவுக் கோப்பைத் திறந்தால் முடுக்கமும் பிரேக்கும் ஆட்டத்தைவிட அதிகமாக இருக்கும், உச்ச வேகம் 22-இல் நிற்கும். 30 மீட்டர் கட்டத்தில் எவரும் 32 தொட முடியாது, சுவர் வந்துவிடும். தொடையின் உள்பக்கம் வலிக்கும், பின்தொடைக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. சிறு ஆட்டம் வையுங்கள், தப்பில்லை. கூடவே மைதானத்தின் நீளத்தில் ஓட ஒரு சாக்கையும் கொடுங்கள். விங்கருக்கு கிராஸ் போடும் பயிற்சியில் பந்தை 40 மீட்டர் முன்னால் உருட்டினால் போதும், 'ஸ்பிரிண்ட் எடு' என்று சொல்லவே வேண்டாம்.

கருவியே இல்லாத கணக்குகளும் உண்டு, அவை எனக்கு இன்னும் பிடித்தவை. ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி: பத்துக்கு எவ்வளவு கஷ்டம்? பதிலை நிமிடத்தால் பெருக்குங்கள். 95 நிமிடம் ஆடி 8 என்றால் 760. 12 நிமிடம் ஆடி 7 என்றால் 84, மேலே சொன்ன கால் மணி ஓட்டத்துக்கு 7 என்றால் 105. இரண்டும் சேர்ந்து 189. இடைவெளி எவ்வளவு என்று இதற்குமேல் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. மூத்தவர் 6 என்றால் இளையவரும் 6 என்பார். காலையில் தூக்கம், களைப்பு, தசைவலி, மனநிலை நான்குக்கும் ஐந்துக்கு மதிப்பெண். எல்லாவற்றுக்கும் தினமும் 4 போடுகிறவர் படிவத்தைப் படிப்பதில்லை என்று பொருள். அவரிடம் காலைச் சாப்பாட்டு மேசையில் நேரில் கேட்டுவிடுவது உத்தமம்.

வெயில் வந்தால் பெஞ்சுக்கும் கணக்கு மாறும். காற்றின் வெப்பம் மட்டும் பார்த்துப் பயனில்லை. ஈரக்குமிழ் வெப்பத்துக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 0.7, வெயிலில் வைத்த கருங்கோளத்துக்குள் இருக்கும் வெப்பத்துக்கு 0.2, காற்றின் வெப்பத்துக்கு 0.1 என்று எடை கொடுத்துக் கூட்டுவார்கள். அவை 27, 42, 34 டிகிரி என்றால் விடை 30.7. 32 தாண்டினால் தண்ணீர் இடைவேளை என்பது ஃபிஃபாவின் பழைய விதி. 2014 உலகக் கோப்பையில் ஃபோர்டலேசாவில் நடந்த நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டத்தில் அதைப் பார்த்தோம். 2026-க்கு வெப்பம் எதுவானாலும் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் என்று அறிவித்தார்கள். வியர்வையை அளக்கத் தராசு போதும்: ஆட்டத்துக்கு முன் 78.4 கிலோ, பின் 76.6, நடுவில் குடித்தது 0.7 லிட்டர் என்றால் வியர்வை 2.5 லிட்டர். குறைந்த 1.8 கிலோவுக்கு ஒன்றரை மடங்கு, 2.7 லிட்டரை உப்போடு அடுத்த சில மணி நேரத்தில் குடித்துத் தீர்க்க வேண்டும். நனைந்த ஜட்டியோடு தராசில் ஏறினால் கணக்கு போச்சு. வெயில் படும் பக்கம் பெஞ்ச் அமைந்தால் உட்கார்ந்திருந்தவரையும் தராசில் ஏற்றுங்கள்.

இத்தனையும் பயிற்சியாளருக்குப் போகும்போது ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். 26 பெயர், ஒவ்வொன்றுக்கும் கடைசியாக 90 சதவீத வேகம் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்ற ஒரே எண். 2, 3, 4 என்று இருந்தால் பேச்சில்லை. 9, 11 என்று இருக்கும் பெயரின் பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம். 'ஆட விடாதீர்கள்' என்று எழுதினால் அடுத்த நாளிலிருந்து அந்தத் தாளை யாரும் வாங்க மாட்டார்கள். '30 நிமிடம் வரை தாங்குவார், நாளைக் காலை மூன்று ஓட்டம் வேண்டும்' என்று எழுதினால் வாங்குவார்கள்.

வெஸ்ட்டால் பிடிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது: உதை. முதுகில் இருக்கும் கருவிக்குக் காலின் வீச்சு சரியாகத் தெரியாது. அர்ஜென்டினாவின் பவுலோ டிபாலா 2022 அக்டோபர் 9-ஆம் தேதி தன் இத்தாலிய கிளப் ரோமாவுக்காக லெச்சேக்கு எதிராகப் பெனால்டி அடித்தார். கோல் விழுந்தது, அடித்த அதே உதையில் இடது முன்தொடைத் தசையும் போனது. கத்தாரில் அரையிறுதிவரை அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, அரையிறுதியில் கடைசி கால் மணி நேரம் மட்டும். இறுதியாட்டத்தில் 120 நிமிடமும் முடிந்து கூடுதல் நொடிகள் ஓடும்போது அவரை இறக்கினார்கள், பெனால்டி அடிப்பதற்காகவே. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்த கால், இரண்டு மாதத்துக்கு முன் அதே வேலையில் அடிபட்ட தசை. இப்படிப்பட்ட ஆளுக்குத் தாளில் இன்னொரு பத்தி வேண்டும்: இன்று முழு வலுவில் எத்தனை உதை. பயிற்சி மைதான ஓரத்தில் ஒருவர் நின்று கையால் கோடு போட்டு எண்ண வேண்டியதுதான், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. முதல் நாள் பத்து, ஒரு நாள் விட்டு பதினைந்து, பிறகு இருபது. பாதி வலுவில் அடித்தவை தனிப் பத்தியில். டிபாலா நேராக நடுவில் அடித்தார், உள்ளே போனது.